ஒரு கெஜத் துணியும் ஒரு சன்னலும்

சன்னல் என்னும் சொல் தமிழ்ச் சொல்லன்று, போர்த்துக்கீசியர் தந்தது. அவர்களுடைய சொல்லே மலாய் மொழியிலும் 'ஜெண்டேலா' என வழங்குகிறது. நம் முன்னோர் அதனைக் காலதர் என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதே அதன் பொருள். பலகணி, சாளரம் என்னும் சொற்களும் உண்டு. சொல் எங்கிருந்து வந்தால் என்ன, காற்றும் வெளிச்சமும் வீட்டிற்குள் வருகின்றனவா என்பதன்றோ கேட்கத்தக்க கேள்வி எனலாம். ஆனால் அவ்வழியை எவ்வளவு திறந்து வைப்பது, எவ்வளவு மறைப்பது என்னும் இன்னொரு கேள்வியும் உண்டு. அக்கேள்விக்கு விடையாக அமைந்ததே திரைச்சீலை.

திரைச்சீலை நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் பேசப்படுவதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். எனினும் அவை ஆடரங்கின் திரைகள். ஏழைத் தொழிலாளியின் வீட்டுச் சன்னலில் திரை தொங்கியது மிக அண்மைக் காலத்துச் செய்தி. அத்திரையின் தலைப்பகுதியில், கம்பியையும் கொக்கியையும் மறைத்துக்கொண்டு, ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் நீளத்திற்குக் குறுக்கே தொங்கும் துண்டுத் துணி அதற்கும் பிந்தியது. இந்நாட்டுக் கடைக்காரர் அதனை 'ஸ்காலப்' என்பர். ஈண்டு அதனை முகத்தொங்கல் என வழங்குவோம். கோயில் தேரில் தொம்பைகளுக்கு மேலே குறுக்காக ஓடும் சீலையை நினைத்துக்கொண்டால் உருவம் விளங்கிவிடும். வாசல் நிலையில் மாவிலை செய்யும் வேலையைச் சன்னலில் அது துணியால் செய்கிறது.

பழைய தோட்டப்புற லயங்களில் சன்னல் என்பது இரண்டு பலகைக் கதவுகளே. பகலில் திறந்திருக்கும், இரவில் மூடியிருக்கும். கண்ணாடியும் இல்லை, திரையும் இல்லை. பால்வெட்டுக்கு விடியுமுன் எழுந்து போகிற குடும்பத்திற்குச் சன்னலை அழகுபடுத்த நேரமும் இல்லை, காசும் இல்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் உடுத்தவே துணியில்லாமல் சாக்கைத் தைத்து உடுத்தினர் மக்கள். போருக்குப் பின் கோதுமை மாவு வரும் வெள்ளைப் பருத்திச் சாக்குகளைப் பிரித்து, எழுத்து மறையும்வரை வெளுத்து, குழந்தைகளுக்குச் சட்டையும் கைத்துண்டும் தைத்தனர். துணியின் அருமை தெரிந்த தலைமுறை அது. அத்தலைமுறையினர் முதன்முதலில் ஒரு சன்னலுக்குத் திரை போட்டபோது, 'உடுத்தியது போக எங்களிடம் மிச்சமும் இருக்கிறது' என்று அந்தத் துணி ஊருக்குச் சொல்லியது. இதனைப் பகட்டு என்று சொல்வார் சிலர். உடம்பை மூடவே ஆலாய்ப் பறந்தவர்களுக்கு அது பகட்டன்று.

அப்படிப்பட்ட ஒரு வீட்டைக் காண்போம். சிலாங்கூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்று. கணவர் இறந்தபின் நான்கு பிள்ளைகளுடன் பால்வெட்டிப் பிழைத்த ஒரு தாய். அவரிடம் இருந்த ஒரே பெருஞ்சொத்து கையால் சுழற்றும் ஒரு சிங்கர் தையல் இயந்திரம். ஐசக் சிங்கர் என்னும் அமெரிக்கர் 1851இல் காப்புரிமை பெற்ற அந்த இயந்திரம் உலகெங்கும் ஏழை வீடுகளுக்குள் நுழைந்ததற்குக் காரணம் அதன் பல்சக்கரம் மட்டுமன்று; தவணைமுறை விற்பனையும் ஆகும். மாதாமாதம் சிறுதொகை கட்டி, கட்டி முடித்தபின் பொருள் சொந்தமாகும் முறை. அத்தாயின் கணவர் உயிரோடிருந்த நாளில் தொடங்கிய தவணையை அவர் மறைந்தபின் அத்தாயே கட்டி முடித்தார். காலையில் வெட்டு, பகலில் சமையல், மாலையில் தையல். அண்டை வீட்டாரின் பாவாடை, இரவிக்கை, பள்ளிச் சீருடை எல்லாம் அந்த மேசைக்கு வரும். தீபாவளி நெருங்கிவிட்டால் நள்ளிரவு வரை சக்கரம் சுழலும் ஓசை லயம் முழுதும் கேட்கும்.

ஊராருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவர் வீட்டுச் சன்னலில் மட்டும் பல ஆண்டுகளாக ஒரே வெள்ளைத் திரைதான் தொங்கியது. ஒருநாள் மூத்த மகள் கேட்டாள்:

"எல்லார் வீட்லயும் தீவாளிக்குப் புதுத்திரை போடுறாங்க. நம்ம வீட்ல மட்டும் ஏம்மா போடல?"

"எவ்வளவு துணி ஆவும்னு கணக்குப் போட்டுச் சொல்லு, போடலாம்," என்றார் தாய்.

மகள் ஐந்தாம் ஆண்டு மாணவி. அளவுநாடாவை எடுத்தாள். கணக்கு இவ்வாறு அமைந்தது. சன்னலின் அகலம் நான்கு அடி, அதாவது 48 அங்குலம். முழுத்திரை தைப்பதானால் தொங்கும் நீளம் 54 அங்குலம். மேலே கம்பி நுழையும் பட்டிக்கும் கீழே ஓரத்திற்குமாக 6 அங்குலம் சேர்த்தால் 60. கடைத்துணியின் அகலம் 45 அங்குலம். சுருக்கு விழுந்து தொங்கவேண்டுமானால் இரண்டு அகலம் வேண்டும். ஆகவே 120 அங்குலம். மூன்று கெஜமும் ஒரு கெஜத்தில் மூன்றில் ஒரு பங்கும் ஆகும். நான்கு சன்னலுக்குப் பதின்மூன்று கெஜத்திற்கு மேல் போகும். கணக்கை முடித்த மகள் பேசாமல் அளவுநாடாவைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

அன்றிரவு தாய் வேறொரு கணக்குப் போட்டார். வெள்ளைத் திரை கிழியவில்லை. வெளுத்துக் கஞ்சி போட்டால் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். மங்கியிருப்பது அதன் தலைப்பகுதிதான். சுருள்கம்பியின் துருப்பட்டுப் பட்டிக்கருகே பழுப்பேறியிருக்கிறது. கம்பியும் நடுவில் தொய்ந்து கண்ணை உறுத்துகிறது. அப்படியானால் மாற்ற வேண்டியது திரையை அன்று. தலையை மறைத்தால் போதும். முகத்தொங்கல் என்னும் எண்ணம் இவ்வாறு பிறந்தது. சிக்கனம் என்பது மலிவாக வாங்குவது என்று பலர் எண்ணுகின்றனர். எது பழுதோ அதனை மட்டும் மாற்றுவது அதனினும் பெரிய சிக்கனம். இது வீட்டுக்கு மட்டும் பொருந்தும் செய்தியன்று. ஆனால் வேறிடங்களைப் பற்றி இங்குப் பேச வேண்டியதில்லை.

முகத்தொங்கலுக்கு வேண்டிய துணி எவ்வளவு? கம்பிக்குக் கீழே தொங்குவது 11 அங்குலம். திரையின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் கண்ணுக்கு இசைவாயிருக்கும் என்பது தையற்காரர் வழக்கம். 54இல் ஐந்தில் ஒன்று ஏறத்தாழ 11. கம்பி நுழையும் பட்டி 1 அங்குலம். பட்டிக்கு மேலே சிறு கொண்டைபோல் நிற்கும் சுருக்கு 1 அங்குலம். ஆக முன்புறம் 13. பட்டியும் கொண்டையும் பின்புறம் மடிந்து வருவதால் இன்னும் 2, அதன் நுனியை உள்ளே மடிக்க அரை, கீழோரத்திற்கு ஒன்றரை. மொத்தம் 17 அங்குலம். இரண்டு அகலத்திற்கு 34 அங்குலம். ஒரு கெஜம் 36 அங்குலம் அல்லவா? ஆகவே ஒரு சன்னலுக்கு ஒரு கெஜத் துணி போதும். முழுத்திரைக்கு ஆகும் துணியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது தொடவில்லை. இன்று கடைகளில் மீட்டர் கணக்கு. ஒரு மீட்டர் 39 அங்குலத்திற்குச் சற்று மேல் என்பதால் 5 அங்குலம் மீதியும் கிடைக்கும். மீட்டர் 6 ரிங்கிட் என வைத்துக்கொண்டால் நான்கு சன்னலுக்கு 24 ரிங்கிட், நூல் வேறு.

அந்த 5 அங்குல மீதியை வீண் என்று எண்ணிவிடலாகாது. பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். வாங்கிய துணியை அப்படியே வெட்டித் தைத்துவிட்டு, முதல் துவைப்பில் முகத்தொங்கல் உயரம் குறைந்து கம்பி வெளியே தெரிய நின்ற வீடுகள் பல. துணியை முதலில் ஒருநாள் நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்த பின்பே கத்தரி தொடவேண்டும். சாயம் போகுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வெள்ளைத் திரைக்குமேல் சிவப்புச் சாயம் ஒழுகினால் இரண்டும் கெடும்.

தைக்கும் முறையை விளக்கப் பெரிய நூல் வேண்டியதில்லை. நாடா கோத்த பாவாடையைத் தைத்த கை இதனையும் தைக்கும். பாவாடையை இடுப்பில் கட்டுகிறோம், இதனைச் சன்னலில் கட்டுகிறோம், வேறுபாடு அவ்வளவே. இரண்டு துண்டுகளையும் பக்கவாட்டில் இணைத்து ஒரு நீண்ட பட்டையாக்க வேண்டும். பூக்கள் இருந்தால் இரண்டு துண்டிலும் ஒரே திசையில் நிமிர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பாதியில் பூ தலைகீழாக நின்றால் ஊரே கண்டுபிடித்துவிடும். பின் இரு பக்க ஓரங்களை அடித்து, கீழோரத்தை இருமடியாக மடித்து அடிக்க வேண்டும். மேற்புறத்தை அரை அங்குலம் உள்ளே மடித்து, மீண்டும் 2 அங்குலம் பின்னோக்கி மடித்து, மடிப்பின் அடியில் ஒரு தையலும் அதற்கு ஓர் அங்குலம் மேலே இன்னொரு தையலும் ஓட்டினால் இரண்டு தையலுக்கும் நடுவில் கம்பி செல்லும் பட்டி அமைந்துவிடும். மேலே எஞ்சிய ஓர் அங்குலமே கொண்டை. சுருக்குக்குத் தனித் தையல் வேண்டியதில்லை. கம்பியை நுழைத்து, துணியை அதன்மேல் தள்ளித் தள்ளிச் சேர்த்தால் சுருக்கு தானே விழும். இந்நாட்டுத் தையற்காரப் பெண்கள் 'ரொப்போல்' என்பது இதனைத்தான். அவர்கள் பாவாடைக்கும் சட்டைக்கும் நூலிழுத்துப் படாதபாடு பட்டுச் செய்வதைக் கம்பி இங்குக் கூலியின்றிச் செய்துகொடுக்கிறது.

இயந்திரம் இல்லாதவர் கையாலும் தைக்கலாம். ஓரங்களுக்கு ஓட்டுத்தையல் போதும். கம்பிப் பட்டிக்கு மட்டும் பின்தையல் வேண்டும். கம்பி நுழையும்போதும் கழற்றும்போதும் இழுவிசை அங்கேதான் விழுகிறது. மெல்லிய துணியை இயந்திரத்தில் தைக்கும்போது அது சுருங்கி இழுத்துக்கொண்டால், அடியில் நாளிதழ்த் தாளை வைத்துத் தைத்துவிட்டுப் பின் தாளைக் கிழித்து எடுத்துவிடுவது பழைய தந்திரம். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' இதழ் இந்நாட்டுத் தமிழர் வீடுகளில் படித்து முடித்தபின்னும் இப்படிப் பல தொண்டுகள் செய்தது. இரவிக்கைக்கு அளவுத்தாளும் அதுவே, அலமாரிக்கு விரிப்பும் அதுவே.

சுருள்கம்பியைப் பற்றியும் ஒரு சொல். பிளாஸ்டிக் உறையிட்ட அக்கம்பி மலிவு. இரு முனையிலும் கொக்கி மாட்டினால் போதும். ஆனால் சன்னல் அகலத்திற்குச் சரியாக வெட்டினால் அது தொய்யும். ஓரிரு அங்குலம் குறைவாக வெட்டி இழுத்து மாட்டினால்தான் விறைப்பாக நிற்கும். சுருக்கு நிறைந்த முகத்தொங்கலின் கனத்திற்கு அதுவும் போதாது. அரை அங்குலத் தடிமனுள்ள நேரான மூங்கிற்கழி அதனினும் நன்று. தோட்டத்தில் அதற்கு விலையும் இல்லை. மூங்கிலைக் கணு நீங்கச் சீவி, உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். இல்லையேல் துணி மாட்டிக்கொண்டு கிழியும்.

இவ்வளவும் கடைத்துணி வாங்கினால் நேரும் செய்தி. அத்தாய் அந்தத் தீபாவளிக்குக் கடைத்துணி வாங்கவில்லை. ஒரு கெஜம் போதும் என்று கண்ட பின்னும் நான்கு கெஜத்திற்குக் காசு ஒதுங்கவில்லை. பிள்ளைகளின் புத்தாடையே கடனில் வந்திருந்தது. தகரப் பெட்டியைத் திறந்தார். அடியில் அவருடைய தாயாரின் சேலை இருந்தது. மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட பருத்திச் சேலை. தாயார் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்தது அன்று. இந்நாட்டில் முதன்முதலாகத் தம் கூலியில் வாங்கிக் கட்டியது. அவர் மறைந்தபின் யாரும் அதனைக் கட்டவில்லை. மடிப்புகளில் இழை விடத் தொடங்கியிருந்தது.

கத்தரியை எடுத்தபோது தங்கை தடுத்தாள்.

"அக்கா, ஆத்தா சேலையைப் போயி சன்னலுக்கு வெட்டுறியே, மனசு எப்படி வருது ஒனக்கு?"

"பொட்டியில கெடந்தா பூச்சி தின்னும். சன்னல்ல தொங்குனா தெனமும் கண்ணுல படும்ல?"

தங்கை சமாதானம் ஆகவில்லை. அன்று உணவும் உண்ணாமல் தன் வீட்டிற்குப் போய்விட்டாள். யார் செய்தது சரி என்று எளிதில் தீர்ப்புக் கூற முடியாது. நினைவுப் பொருளை மடித்துக் காப்பதும் அன்பு. அதனை வெட்டி வாழ்வுக்குள் கொண்டுவருவதும் அன்பு. ஆனால் மடித்து வைத்த துணி மடிப்பிலேயே இற்றுப்போகும் என்பது மட்டும் துணியறிந்த எவரும் மறுக்க முடியாத உண்மை.

சேலையை அவர் வெட்டிய முறை நுட்பமானது. சேலையின் நீளம் ஆறு கெஜம், அதாவது 216 அங்குலம். அகலம் 45 அங்குலம். நீளவாக்கில் இரு பக்கமும் கரை ஓடுகிறது. கரையின் ஓரம் நெசவிலேயே கட்டியிருப்பதால் அதற்கு மடிப்புத் தையல் வேண்டியதில்லை. ஆகவே கீழோரத்திற்கு ஒதுக்கும் ஒன்றரை அங்குலம் மிச்சம். பட்டையின் அகலம் 17க்குப் பதில் பதினைந்தரை அங்குலம். ஒவ்வொரு கரையையும் ஒட்டிப் பதினைந்தரை அங்குலம் நீளவாக்கில் வெட்டினால் 216 அங்குல நீளத்தில் இரண்டு பட்டைகள். ஒவ்வொன்றையும் நடுவில் இரண்டாக்கினால் 108 அங்குல நீளத்தில் நான்கு துண்டுகள். பக்க ஓரத்திற்கு 2 அங்குலம் போக 106. நாற்பத்தெட்டு அங்குலச் சன்னலுக்கு இரண்டு மடங்கிற்கும் சற்று மேலான சுருக்கு. இணைப்புத் தையல் ஒன்றுகூட இல்லை. ஒரு சேலை; நான்கு சன்னல். நடுவில் எஞ்சிய 14 அங்குலப் பட்டையில் வெள்ளைத் திரைகளைப் பகலில் ஒதுக்கிக் கட்டும் நாடாக்களும் ஒரு தலையணை உறையும் ஆயின. முந்தானைப் பகுதியின் கோடுகள் இரண்டு துண்டுகளின் ஓரத்தில் வந்தன. அவ்விரண்டையும் முன்னறைச் சன்னல்களில் இடமும் வலமுமாக மாட்டினார்.

தீபாவளியன்று வந்தவர்கள் அதனைப் பழைய சேலை என்று கண்டனரா என்றால், கண்டனர். அக்காலத்துப் பெண்களின் கண்ணுக்குச் சேலைக்கரை தப்பாது. அரக்குக் கரை வரிசையாகச் சன்னல்தோறும் ஓடியதைப் பார்த்து ஒருவரும் இழிவாகப் பேசவில்லை. அடுத்த மாதத்திலேயே மூன்று வீட்டார் தத்தம் பெட்டிகளிலிருந்து சேலை எடுத்து வந்தனர். ஒரு சன்னலுக்கு இவ்வளவு என்று அவர் கூலி வாங்கித் தைத்துக் கொடுத்தார். பட்டுச் சேலை கொண்டுவந்த ஒருவரை மட்டும் திருப்பி அனுப்பினார். பட்டு வெயிலில் இற்றுவிடும். ஓராண்டு தாங்காது என்று சொல்லிக் கூலியை இழந்தார். நைலான் சேலைக்குச் சுருக்கு அழகாக நிற்காது என்றும் சொல்லியிருக்கிறார். ஆயினும் வற்புறுத்தியவர்களுக்குத் தைத்துக் கொடுத்தார்.

வளைவு வைத்த முகத்தொங்கலையும் அவர் தைத்தார். இதற்குச் சுருக்கு இல்லை. கீழோரத்தில் பிறைபிறையாக வளைவு. துணி பாதியாகக் குறையும். ஆனால் உள்துணி வைக்க வேண்டும் என்பதால் மிச்சம் கணக்கில் மட்டுமே. 48 அங்குலத்தில் 6 அங்குல வளைவு எட்டு. ஆறு அங்குலக் குறுக்களவுள்ள கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்துச் சுண்ணக்கட்டியால் வரைந்துவிடலாம். இரண்டு துணிகளின் நல்ல பக்கங்களும் உள்ளே முகம் பார்க்க வைத்து, வளைகோட்டின்மேல் தைத்து, வளைவுகளில் சிறுசிறு வெட்டுகள் போட்டு, இரு வளைவுகள் சேரும் முனையில் தையலைத் தொட்டும் தொடாமலும் வெட்டித் திருப்ப வேண்டும். அம்முனையில் அச்சம் கொண்டு வெட்டாமல் விட்டால் துணி சுருண்டு நிற்கும். துணிந்து ஒரு நூல் அதிகம் வெட்டினால் கிழியும். ஒரு மாலையில் ஒரு சன்னல்தான் முடியும். பார்ப்பதற்கு அழகுதான், ஆயினும் பொழுது குறைந்த வீட்டிற்கு இது ஏற்றதன்று.

சன்னல் 50 அங்குலமாக இருந்தால் என்ன செய்வது? கிண்ணத்தை எட்டு முறை வைத்தால் 2 அங்குலம் மீதி நிற்கும். ஐம்பதை எட்டால் வகுத்தால் ஆறேகால். ஆறேகால் அங்குலக் கிண்ணம் கடையில் இல்லை. தாளை 50 அங்குலத்திற்கு வெட்டி, பாதியாக, மீண்டும் பாதியாக, இன்னும் ஒருமுறை பாதியாக மடித்தால் எட்டுச் சமபாகம். மடித்த தாளின் நுனியில் ஒரே ஒரு வளைவு வெட்டி விரித்தால் எட்டும் ஒன்றுபோல் நிற்கும். வகுத்தலைக் கத்தரியால் செய்யும் முறை இது. பின்னத்தைக் கண்டு அஞ்சும் மாணவனிடம் ஒரு பழைய நாளிதழையும் ஒரு கத்தரியையும் கொடுத்துப் பார்க்கலாம்.

நம் தொடக்கப்பள்ளிகளில் வாழ்வியல் திறன் பாடத்தில் தையலும் ஒரு பகுதியாக இருந்தது. மாணவர் கைக்குட்டை அளவுத் துணியில் ஓட்டுத்தையலும் பின்தையலும் போட்டுக் காட்டி மதிப்பெண் பெற்றனர். அத்துணி ஆண்டிறுதியில் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. அதே தையலை ஒரு வகுப்பறைச் சன்னலுக்கு முகத்தொங்கலாகத் தைக்கச் செய்திருந்தால் அளத்தல், பெருக்கல், விகிதம், விலைக்கணக்கு அனைத்தும் ஒரே துணியில் வந்திருக்கும். சன்னலின் அகலத்தை ஒரு மாணவன் அளக்க, மற்றொருவன் சுருக்கின் மடங்கைப் பெருக்க, மூன்றாமவன் கடைக்குக் கணக்கு எழுத, வகுப்பே ஒரு தொழிற்கூடமாகியிருக்கும். ஆண் பிள்ளைகளும் தைக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஊரில் கூலிக்குத் தைப்பவரில் ஆண்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தாலே போதும்.

செலவு செய்து கெடுத்துக்கொள்ளும் வழிகளும் பல உண்டு. ஒட்டுப்பலகையில் பெட்டி அடித்து அதன்மேல் துணி ஒட்டுவது குளிர்நாட்டு வழக்கம். நம் நாட்டின் ஈரப்பதத்தில் அப்பெட்டிக்குள் பூஞ்சணம் படரும், பல்லி முட்டையிடும், பலகையைக் கறையான் அரிக்கும். தடித்த உள்துணி வைத்த முகத்தொங்கலும் அப்படியே. தைக்கச் சோம்பிப் பசையால் ஒட்டிய ஓரம் முதல் துவைப்பில் பிரியும். புகைமூட்டக் காலங்களில் சன்னல் துணியில் படியும் அழுக்கை எண்ணினால், கழற்றித் துவைக்க முடியாத எதையும் சன்னலில் மாட்டலாகாது என்பது விளங்கும். கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய 'நாக்கோ' சன்னலுக்குக் காற்றை மறைக்காத குட்டையான மெல்லிய பருத்தித் துணியே உகந்தது.

தோட்டங்கள் நிலைக்கவில்லை. 1950களிலும் 1960களிலும் ஐரோப்பியர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. பின்னர் எஞ்சியவற்றுள்ளும் பல, வீடமைப்புத் திட்டங்களாயின. அத்தாய் வாழ்ந்த தோட்டமும் விற்கப்பட்டது. குடும்பம் சில ஆண்டுகள் நீள்வீட்டில் தங்கி, பின்பு மலிவு விலை அடுக்குமாடி வீடொன்றின் நான்காம் மாடிக்குக் குடிபெயர்ந்தது. லாரியில் ஏற்றிய பொருள்களுள் தையல் இயந்திரம் ஒன்று. துவைத்து மடித்த நான்கு முகத்தொங்கல்கள் ஒரு பொட்டலம்.

புதிய வீட்டில் சன்னல்கள் மூன்று. ஒவ்வொன்றும் ஐந்தடி. மரச்சட்டம் இல்லை, காரைச் சுவர். துளையிட்டு ஆணிக்கூடு வைத்த பின்பே கொக்கி நிற்கும் என்பதால் அதற்கு ஒருவரை அழைத்துக் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. மூத்த மகள் இப்போது வேலைக்குச் செல்பவள். "புதுசு வாங்கிப்போம்மா, இது பத்தாது," என்றாள். தாய் அவளிடம் அளவுநாடாவை நீட்டினார். துணி 106 அங்குலம். சன்னல் 60 அங்குலம். ஒன்றே முக்கால் மடங்கு. சுருக்கைக் கம்பிமேல் சற்றுத் தளர்த்திவிட்டால் போதும். ஒரு தையலையும் பிரிக்க வேண்டியதில்லை. கடைத்துணியில் இரண்டு அகலம் இணைத்துத் தைத்திருந்தால் 87 அங்குலமே நின்றிருக்கும். ஐந்தடியில் அது ஒன்றரை மடங்கிற்கும் குறைந்து வெறுமையாகத் தெரிந்திருக்கும்.

மூன்று துண்டுகள் மூன்று சன்னலுக்கு ஆயின. அரக்குக் கரை சற்றே மங்கியிருந்தது. குடிபோன நாளில் பால் காய்ச்ச வந்திருந்த தங்கை அவற்றை நெடுநேரம் நின்று பார்த்தாள். பல ஆண்டுகளுக்கு முன் உண்ணாமல் போனதைப் பற்றி இருவரும் பேசவில்லை. புறப்படும்போது, "அந்த நாலாவது என்னாச்சுக்கா?" என்று மட்டும் கேட்டாள். தாய் உள்ளே சென்று அதனை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் மாலை தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது. அவள் வீட்டுச் சன்னல் நாற்பத்தாறு அங்குலமாம். கம்பியை எவ்வளவு வெட்டுவது என்று கேட்டாள்.